அம்சாவின் மேல் பேசிய குரல்

போன மாதம் ஆவணப்படம் எடுக்கும் இளைஞர்கள் சிலர் அடையாறில் ஒரு பயிலரங்கு நடத்தினார்கள். "அங்கிள், அந்தக் காலத்துல ஆடியன்ஸ் பிடிச்ச ஆள் நீங்கதானாமே, வந்து கொஞ்சம் டிப்ஸ் குடுங்க" என்று கூப்பிட்டார்கள். ஆடியன்ஸ் என்ன பஸ்ஸா, ஓடிப்போய்ப் பிடிப்பதற்கு? இருந்தாலும் போனேன். ஓய்வு பெற்றவனை யாராவது கூப்பிட்டால் போகாமல் இருப்பது கஷ்டம்.

பேசி முடித்ததும் கண்ணாடி போட்ட ஒரு பையன் எழுந்தான். "உங்க படங்களால ஏற்பட்ட இம்பாக்ட்டுக்கு ஒரு உதாரணம் சொல்லுங்க சார்" என்றான். எனக்கு ஓர் உதாரணம் நன்றாகத் தெரியும். சொல்லத் தொடங்கினேன், குரல் கம்மிவிட்டது. பதறிப்போய்த் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தார்கள். வயசான மனுஷன், ரத்த அழுத்தம் என்று நினைத்திருப்பார்கள். ரத்த அழுத்தமெல்லாம் ஒன்றும் இல்லை, கோபம். இத்தனை வருஷமாகியும் ஆறாத கோபம். அன்று வாயால் சொல்ல முடியாததை இப்போது எழுதிவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மந்தைவெளியில் எனக்கு ஒரு வீடியோ கடை இருந்தது. கேசட் வாடகை, டிவி வாடகை, கேசட் ஓட்டும் டெக் வாடகை. காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கிரிக்கெட் மேட்ச் எதுவானாலும் சுற்றுவட்டாரத்தில் என் டிவிதான் போகும். அப்புறம் வானத்தில் இருந்து சேனல்கள் இறங்கின, வீட்டுக்கு வீடு கேபிள் வயர் தொங்கியது, கடை படுத்துவிட்டது. உலகமயமாக்கல் மயிலாப்பூர்ப் பக்கம் வந்து முதலில் சாப்பிட்டது என் கடையைத்தான் என்று பின்னாளில் அலுவலகத்தில் சொல்லிச் சிரிப்பேன். அதைப் பற்றி மட்டும் யாரும் ஆய்வு செய்யவில்லை.

கடை போனாலும் டிவியும் டெக்கும் மிஞ்சின. அபிராமபுரத்தில் ஒரு மாடி வீட்டில் சிறிய ஆய்வு அமைப்பு ஒன்று இருந்தது. நாட்டின் கதவைத் திறந்துவிட்டார்களே, அதனால் சாதாரண ஜனங்களின் பிழைப்பு என்ன ஆகிறது என்று ஆராய்வதும், ஆராய்ந்ததைப் படமாக எடுப்பதும் அவர்கள் வேலை. படங்களை எடுத்து எடுத்து அலமாரியில் அடுக்கியிருந்தார்கள், பார்க்கத்தான் ஆள் இல்லை. என் டிவியையும் என்னையும் சேர்த்தே வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். விநியோகப் பொறுப்பாளர் என்று பதவி. எல்லோருக்கும் நான் சாதிக் பாய்.

முதல் வருஷம் முழுக்க அடி வாங்கியே தொழில் கற்றேன். தி.நகரில் ஒரு கல்யாண மண்டபத்தை ஆடி மாதத்தில் சும்மா கொடுப்பார்கள் என்பதைக் கண்டுபிடித்தேன். மார்கழியிலும் கல்யாணம் கிடையாது, மண்டபம் காலிதான். ஆனால் மயிலாப்பூர் ஜனம் மொத்தமும் கச்சேரிக்கும் அங்கே போடும் டிபனுக்கும் போய்விடும், நம் படத்துக்கு வாட்ச்மேன்கூட வரமாட்டார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் டிவியில் சினிமாப் பாட்டு போடும் நேரத்தில் படம் காட்டினால் அதைவிட முட்டாள்தனம் இல்லை. கோட்டூர்புரம் குடியிருப்பில் ஒருநாள் நல்ல கூட்டம் சேர்ந்தது. மீனவர்களைப் பற்றிய படம், பாதி ஓடியிருக்கும், தெருமுனையில் தண்ணீர் லாரியின் ஹாரன் கேட்டது. மூச்சு விடுவதற்குள் ஒரு ஆள் இல்லை. குடத்தோடு ஓடிய அம்மா ஒருத்தி திரும்பிப் பார்த்து, "நிறுத்தி வை நைனா, தோ புடிச்சிகினு வந்துர்றேன்" என்று கத்தினாள். அதிலிருந்து எந்தத் தெருவுக்குப் போனாலும் லாரி எப்போது வரும் என்று முதலில் கேட்பேன், மின்சாரம் உண்டா என்று அப்புறம்தான் கேட்பேன்.

"படம் இன்னா படம், ஃபைட் கீதா?" என்று கேட்பார்கள். இல்லை, உங்களை மாதிரி ஆட்கள் பேசுகிற படம் என்பேன். "நாங்க பேசறத நாங்களே பாக்கணுமா?" என்று சிரிப்பார்கள். ஆனால் டிவியில் தங்களைப் போன்ற ஒரு முகம் தெரிந்ததும் அந்தச் சிரிப்பு நின்றுவிடும். அந்த நிமிஷத்துக்காகத்தான் நான் டிவியைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன். எனக்கு அந்த வேலை ரொம்பப் பிடித்திருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

அமைப்பின் இயக்குநர் சுகந்தி மேடம். வெளிநாட்டில் படித்தவர், அபிராமபுரத்திலேயே பல தலைமுறையாக இருக்கும் குடும்பம். குரலை உயர்த்தவே மாட்டார். அலுவலகத்தில் எல்லோருக்கும் அவரே காபி கலந்து கொடுப்பார், பெருக்க வரும் அம்மாவுக்கும் அதே டம்ளர்தான். யாராவது தப்புச் செய்தால் "நாம ஏன் இப்படிப் பண்ணினோம்?" என்பார். அவருடைய ‘நாம’ என்றால் நீ என்று அர்த்தம், இது எங்களுக்குப் புரியக் கொஞ்சநாள் ஆனது. கெட்டவர் என்று அவரை யாராலும் சொல்ல முடியாது. எனக்கு வயிறு எரிவதே அதனால்தான். கெட்டவர் என்றால் அன்றே சண்டை போட்டுவிட்டு வந்திருப்பேன்.

அவர் வேலை செய்யும் முறை இப்படி. முதலில் ஆய்வுக் கட்டுரையை எழுதிவிடுவார். படப்பிடிப்பு அதற்குப் பின்னால்தான். எடுத்துவந்த டேப்பைப் போட்டுப் பார்க்கும்போது கையில் பென்சில் வைத்திருப்பார். யாராவது பேசும்போது கட்டுரைக்குப் பொருந்தினால் ஒரு டிக், பொருந்தாவிட்டால் பென்சிலால் மேசையில் மெதுவாக ஒரு தட்டு. தட்டினால் அது படத்தில் வராது. கடைசியில் நல்ல ஆங்கில உச்சரிப்பு உள்ள ஒருவரைக் கூட்டிவந்து விவரணை பேசவைப்பார். தமிழில் பேசுகிறவர்களின் குரல் தொடக்கத்தில் ஒரு வாக்கியம் கேட்கும், பிறகு அது அடியில் போய்விடும், மேலே ஆங்கிலம் ஓடும். தெருக்களில் நான் படம் காட்டும்போது ஒலியைக் குறைத்துவிட்டு மைக்கில் நானே தமிழில் சொல்வேன். "இங்கிலீஷ் எதுக்கு மேடம்?" என்று கேட்டால், "உலகத்துக்குத் தெரியணுமே பாய்" என்பார்.

இன்னொரு விதியும் அங்கே உண்டு. கேமராவில் போடும் பெரிய டேப் அப்போது விலை அதிகம். படம் முடிந்ததும் மிச்சக் காட்சிகள் இருக்கும் டேப்களை அடுத்த படப்பிடிப்புக்குப் பயன்படுத்திக்கொள்வோம். பழையதன் மேலேயே புதியது பதியும். சிக்கனம் என்று நாங்கள் எல்லோருமே அதைப் பாராட்டினோம்.

இனி அம்சாவின் கதை. கே.கே. நகரில் ஒரு சந்துக்குள் தகரக் கூரை போட்ட ஷெட்டில் வெளிநாட்டுக்குச் சட்டை தைக்கும் யூனிட் ஒன்று இருந்தது. வரிசையாக மெஷின்கள், எல்லாவற்றிலும் பெண்கள். அம்சா அங்கே காலர் வைக்கும் டெய்லர். கணீரென்ற குரல், யாருக்கும் பயப்படமாட்டாள். ஏற்றுமதித் தையல் பற்றிப் படம் எடுக்க நாங்கள் அங்கே போனபோது ஆள் பற்றாததால் நானும் லைட் பிடிக்கப் போனேன். முதலாளி உள்ளே விட்டார், ஆனால் ஒரு நிபந்தனை போட்டார்: அவர் முகமோ ஷெட்டோ படத்தில் வரக் கூடாது, ஆய்வுக்காகப் பார்த்துக்கொள்ளலாம். மேடம் வாக்குக் கொடுத்தார். உள்ளே எடுத்ததை நான் கண்ணால் பார்த்தேன். மெஷின் வரிசை, இரும்பு கேட், தாமதமாக வந்த ஒரு பெண்ணை முதலாளி நிற்கவைத்துத் திட்டியது, எல்லாம் டேப்பில் ஏறியது.

அடுத்த சில வாரங்களில் ஆர்டர் வேறொரு நாட்டுக்குப் போய்விட்டது. அங்கே இன்னும் மலிவாகத் தைக்கிறார்களாம். ஒருநாள் காலையில் பெண்கள் டிபன் டப்பாவோடு வந்து நின்றபோது கேட்டில் பூட்டு. முதல் நாளே மெஷின்களை லாரியில் ஏற்றிவிட்டார்கள். மேடம் மறுபடியும் கேமராவோடு போனார். ஷெட் பூட்டியிருந்ததால் அம்சாவை அவள் வீட்டில் வைத்து எடுத்தார். கையில் ஒரு சட்டையைக் கொடுத்துப் பொத்தான் தைக்கச் சொன்னார்.

"இன்னா மேடம், நான் காலர் டெய்லரு. பட்டன் தைக்கறது ஹெல்பர் வேலை" என்றாள் அம்சா.

"சும்மா விஷுவலுக்கு அம்சா. கை சும்மா இருந்தா நன்னா இருக்காது."

அவள் பொத்தானைத் தைத்துக்கொண்டே பேசினாள். "கண்ணாலத்துக்கு முன்னாடிலேந்து அந்த ஷெட்டுக்குத்தான் போய்க்கினு கீறேன். லேட்டா போனா கேட்ட மூடிட்டு வெளிய நிக்க வைப்பான். எங்க சட்டை அமெரிக்கா போச்சு, நாங்க எங்க போறது?" என்று அந்தக் கணீர்க் குரலில் சொன்னாள். லைட் பிடித்துக்கொண்டிருந்த எனக்கு உடம்பு சிலிர்த்தது. இந்தப் படத்துக்கு ஆடியன்ஸ் கிடைக்காமல் போகாது என்று அன்றே நினைத்தேன்.

படம் முடிந்து அலுவலகத்தில் போட்டுக் காட்டினார்கள். அம்சா வாயசைக்கிறாள், முதல் வாக்கியம் கேட்கிறது, அப்புறம் ஆங்கிலக் குரல் வந்து அவள் மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. அந்தக் குரல் சொன்னதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: ‘அம்சாவைப் போன்ற பெண்கள் தங்கள் வீட்டு மூலையில் அமர்ந்து உலகத்துக்குத் தைத்துக்கொடுக்கிறார்கள்.’ ஷெட் ஒரு இடத்திலும் இல்லை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"மேடம், இவங்க வீட்டுல தைக்கறவங்க இல்லையே? ஷெட்டுக்குப் போனவங்க. நானே பார்த்தேனே."

"பாய், உலகம் பூரா ஃபேக்டரி உடைஞ்சு வேலை வீட்டுக்குள்ள வந்துண்டிருக்கு. அதுதான் நம்ம பேப்பரோட ஆர்க்யுமென்ட். அம்சா ஒரு உதாரணம்."

"ஆனா அம்சா அப்படிச் சொல்லலையே."

"அவ சொல்றது அவளோட அனுபவம். நாம சொல்றது அதோட அர்த்தம்." சொல்லிவிட்டு எனக்குக் காபி டம்ளரை நீட்டினார். கேமராமேன் தாஸ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குக் காபி கசந்தது. மேடம் சொன்ன அந்த வாக்கியத்தை அதற்கப்புறம் எத்தனையோ பேர் வாயில் வேறு வேறு மாதிரி கேட்டிருக்கிறேன்.

இதற்குள் பெண்கள் சேர்ந்து தொழிலாளர் அதிகாரியிடம் நஷ்டஈடு கேட்டுப் புகார் கொடுத்திருந்தார்கள். முதலாளி ஒரே போடாகப் போட்டார்: இவர்கள் என் தொழிலாளர்களே இல்லை, எனக்குத் தொழிற்சாலையே கிடையாது, துணியை வெட்டிக் கொடுப்பேன், அவரவர் வீட்டில் தைத்துக் கொண்டுவந்து கொடுப்பார்கள். பெண்களிடம் அடையாள அட்டை இல்லை, நியமன உத்தரவு இல்லை. அக்கம்பக்கத்துக்காரர்கள் சாட்சிக்கு வரப் பயந்தார்கள். அந்த ஷெட்டில் வேலை பார்த்தவர்கள் என்று நிரூபித்தால்தான் சட்டம் அவர்களை ஏறெடுத்தே பார்க்கும். இல்லாவிட்டால் அத்தனை வருஷமும் அவர்கள் எங்கேயும் வேலையே பார்க்கவில்லை என்றாகிவிடும்.

அம்சா நேரே அலுவலகத்துக்கு வந்துவிட்டாள். "பாய், நீங்க உள்ள வந்து எடுத்தீங்கோல்ல, அந்தக் கேசட்ட ஆபீசர் கிட்ட போட்டுக் காட்டினா போதும். அவன் வாய அடைச்சிடலாம்" என்றாள்.

நான் மேடத்திடம் போனேன். ஷெட்டுக்குள் எடுத்த டேப்பைக் கொடுங்கள் என்று கேட்டேன். மேடம் நிதானமாகத் தலையசைத்தார். அந்தக் காட்சியை வெளியே காட்டமாட்டோம் என்று முதலாளிக்கு வாக்குக் கொடுத்திருக்கிறோம், அதை மீறினால் நாளை எந்த முதலாளி நம்மை உள்ளே விடுவார், இது ஆய்வு நெறி என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில், "அந்தப் பொண்ணுங்களுக்கு நாம ஒரு வாக்கும் குடுக்கலையா மேடம்?" என்று கேட்டுவிட்டேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு முகம் மலர்ந்து, "முடிஞ்ச படத்தையே எடுத்துண்டு போகலாமே. ஒரு டாக்குமென்டரி சட்ட விசாரணையில பயன்படறதுன்னா எவ்வளவு பெரிய விஷயம்! நானும் வரேன்" என்றார்.

அந்தப் படத்தில் என்ன இருக்கிறது என்று நான் அம்சாவிடம் சொன்னேன். மேலே ஒரு ஆள் இங்கிலீஷில் வேறு மாதிரி பேசுகிறான், இதைக் காட்டுவது நல்லதல்ல என்று தெளிவாகவே சொன்னேன். அவள் கையை வீசினாள். "நான் பேசினது உள்ள கீதுல்ல பாய்? அது போதும். இங்கிலீஷ எவன் கேக்கறான்?"

விசாரணை நாள் வந்தது. டிவியைப் பெட்ஷீட்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் போனேன். அதிகாரியின் அறையில் இருந்தது ஒரே பிளக். மேசை விசிறியைப் பிடுங்கிவிட்டு டிவியைச் செருகினோம், அறையே வெந்தது. அதிகாரி நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். வழுக்கையைத் துடைத்துக்கொண்டு, "போடுங்க பார்க்கலாம்" என்றார். ஒரு பக்கம் முதலாளியும் அவருடைய வக்கீலும். இன்னொரு பக்கம் பெண்கள், இடம் போதாமல் சுவரோரம் நெருக்கி நின்றார்கள். மேடம் கைத்தறிப் புடவையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார், பரீட்சை ரிசல்ட்டுக்குக் காத்திருப்பவர் மாதிரி.

திரையில் அம்சா வந்தாள். பெண்களுக்குள் ஒரு சலசலப்பு, ஒருத்தி அம்சாவின் இடுப்பைக் கிள்ளினாள். "கண்ணாலத்துக்கு முன்னாடிலேந்து" என்றது அம்சாவின் குரல். அவ்வளவுதான், ஆங்கிலம் ஏறிவிட்டது. அதிகாரி முன்னால் சாய்ந்தார். வக்கீலும் முன்னால் சாய்ந்தார். வீட்டு மூலை, வீட்டு மூலை என்று அந்த ஆள் இனிமையாகச் சொல்லிக்கொண்டே போனான்.

"சவுண்டு ஏத்து பாய், அடியில நான் பேசிக்கினு கீறேன், கேக்குது பாரு" என்றாள் அம்சா.

ஏற்றினேன். ஆங்கிலக்காரன்தான் இன்னும் சத்தமாகப் பேசினான்.

"அந்த ஆள நிறுத்து! என்னிய மட்டும் வை!"

"முடியாதும்மா. ரெண்டும் ஒண்ணா பதிஞ்சிடுச்சு" என்றேன். அதைச் சொன்னபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

வக்கீல் எழுந்தார். அவருக்கு அன்று தீபாவளி. "இந்தப் படத்த எடுத்தது எங்க ஆள் இல்ல சார், பெரிய ஆய்வு நிறுவனம். அவங்களே வீட்டுல வச்சுத் தைக்கறவங்கன்னுதான் சொல்றாங்க. படத்துலயும் இந்தம்மா வீட்டுல உக்காந்து பட்டன் தைக்கறாங்க. நாங்க சொன்னதும் அதுதானே?"

நான் குறுக்கே பாய்ந்தேன். "சார், நான் ஷெட்டுக்குள்ள போய் லைட் பிடிச்சேன். என் கண்ணால பார்த்தேன்."

"நீங்க யாரு, அந்த நிறுவனத்துல சம்பளம் வாங்கறவர்தானே? உங்க நிறுவனம் ஒண்ணு சொல்லுது, நீங்க ஒண்ணு சொல்றீங்க" என்றார் வக்கீல். பிறகு மேடத்தின் பக்கம் திரும்பினார், ரொம்ப மரியாதையாக. "மேடம், நீங்களே சொல்லுங்க. உங்க ஆய்வு தப்பா?"

‘ஆமாம், தப்பு’ என்று மேடம் சொல்லியிருக்கலாம். ‘ஷெட்டுக்குள் போய் நானே படம் எடுத்தேன், இவர்கள் அங்கே வேலை பார்த்ததை நானே பார்த்தேன்’ என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் போயிருக்கப் போவது ஒரு கட்டுரை. மேடத்தின் முகம் சிவந்தது. உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார்.

"எங்க ஆய்வு சரியானதுதான். ஆனா அது ஒரு பரந்த அர்த்தத்துல..." என்று ஆரம்பித்தார்.

"போதும் மேடம், ரொம்ப நன்றி" என்று வக்கீல் உட்கார்ந்துவிட்டார். முதலாளி கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். சிரிப்பை மறைக்கத்தான்.

அதிகாரி இன்னும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் அம்சா வாயசைத்துக்கொண்டிருந்தாள். அறையில் இருந்த அத்தனை பேரும், பெண்கள் உட்பட, அந்த டிவியில் இருந்த அம்சாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்போது சுவரோரம் நின்ற அம்சா முன்னால் வந்து டிவிக்கு முன்னால் நின்றுவிட்டாள்.

"சார், நான்தான் இங்க நிக்கறேனே. அந்தப் பொட்டியில இன்னா தேடறீங்கோ? என்னியக் கேளுங்க, நான் சொல்றேன். எந்த மெஷினு, எந்த வரிசை, கேட்டுல எந்தப் பக்கம் தாப்பா, எல்லாம் சொல்றேன். இந்தாளு மூஞ்சிக்கு நேராவே சொல்றேன்."

சொல்லவும் சொன்னாள். அதிகாரி எழுதிக்கொண்டார். ஆனால் அதை அம்சாவின் தரப்பு வாதம் என்றுதான் எழுத முடியும், படம்தான் சாட்சியம் என்று எழுதப்படும். அதிகாரி என்னைப் பார்த்து, "வெட்டாத ஒரிஜினல் ஏதாவது இருந்தா அடுத்த தேதிக்குக் கொண்டுவாங்க" என்றார். அவரால் முடிந்தது அவ்வளவுதான், அதை நான் இப்போதும் மறுக்கமாட்டேன்.

டிவியோடு மேடமும் நானும் ஆட்டோவில் திரும்பினோம். ஆழ்வார்ப்பேட்டை வந்ததும், "நான் பொய் சொல்லலையே பாய்" என்றார் மேடம். பொய் சொல்லியிருந்தாலாவது மாற்றிச் சொல்ல வழி இருந்திருக்கும். அவர் நம்பியதைத்தான் சொன்னார், அந்தப் பெண்கள் தலையில் மண் விழுந்தது.

அலுவலகத்துக்கு வந்ததும் அவராகவே பீரோவைத் திறந்தார். முதலாளிக்குக் கொடுத்த வாக்கைப் பற்றி இப்போது பேச்சே இல்லை. ஷெட்டுக்குள் எடுத்த டேப்பைத் தாஸிடம் கொடுத்தார், தாஸ் போட்டான். கடல் வந்தது. ஊரூர்க் குப்பத்துக் கடல், கட்டுமரங்கள், வலை உதறும் கைகள். அடுத்த படத்துக்காக அதே டேப்பின் மேலேயே எடுத்தது. தாஸ் வேகமாக ஓட்டினான். மறுபடியும் கடல், மறுபடியும் வலை. டேப்பின் கடைசியில் மட்டும் கொஞ்சம் பழையது மிஞ்சியிருந்தது: தகரக் கூரை, ஒரு டியூப்லைட், யாரோ ஒரு பெண்ணின் முழங்கை. அதோடு தீர்ந்துவிட்டது. அம்சா வீட்டில் பேசிய டேப்பின் மேலும் கடல்தான். மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "நாம இத யோசிச்சிருக்கணும்" என்றார். அன்று மட்டும் அந்த ‘நாம’ யாரைக் குறித்தது என்று எனக்குத் தெரியவில்லை. நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

விசாரணை, ‘சமரசம் ஏற்படவில்லை’ என்ற குறிப்போடு முடிந்தது. மேலே கோர்ட்டுக்குப் போகலாம் என்றார்கள், போக அந்தப் பெண்களுக்கு ஏது தெம்பு? ஒருத்தி வீட்டு வேலைக்குப் போனாள், இரண்டு பேர் ஊருக்கே திரும்பிவிட்டார்கள். அம்சா ஒரு டெய்லர் கடை வாசலில் ஓரம் அடிக்கும் வேலைக்கு உட்கார்ந்தாள். முதலாளி வேறொரு பெயரில், வேறொரு சந்தில், வேறு பெண்களை வைத்துத் தொடங்கிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அவரைப் பற்றிச் சொல்ல எனக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. அவர் தொழிலே அது. அந்தப் பெண்களின் பக்கம் நிற்பதாகச் சொல்லிக்கொண்டு போன நாங்கள் அவர் வேலையை அவரைவிடச் சுத்தமாக முடித்துக்கொடுத்தோமே, அதுதான் இன்றைக்கும் எனக்குத் தொண்டையில் நிற்கிறது.

படம் வெளிநாட்டில் ஒரு விழாவில் பரிசு வாங்கியது. நல்ல ஆய்வு என்று பாராட்டினார்களாம். அதைக் கொண்டாட அடையாறில் ஒரு ஹாலில் திரையிட ஏற்பாடாயிற்று. கல்லூரிகள், பத்திரிகைக்காரர்கள், சங்கீத சபைக்காரர்கள் என்று எல்லோரையும் நான்தான் கூப்பிட வேண்டும். வேண்டாவெறுப்பாகக் கூப்பிட்டேன். கடைசியில் மேடம் என்னை அழைத்து, "அம்சாவையும் அழைச்சுண்டு வாங்கோ பாய். படம் முடிஞ்சதும் மேடையில ரெண்டு வார்த்தை பேசட்டும். அவளுக்கும் ஒரு கௌரவம்" என்றார். சொன்னபோது அவர் கண் கலங்கியிருந்தது. மனதாரத்தான் சொன்னார், சத்தியமாகச் சொல்கிறேன்.

நான் அந்த டெய்லர் கடைக்குப் போனேன். அம்சா தலையைக் கவிழ்த்துப் புடவைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். மெஷினை நிறுத்தாமலே கேட்டாள். பரிசு என்றதும் கொஞ்சம் சிரித்தாள்.

"நான் வந்து இன்னா பண்ணப் போறேன் பாய்? அதான் எனக்குப் பதிலா பேசறதுக்கு அங்க ஒரு ஆள வச்சிருக்கீங்களே."

சொல்லிவிட்டு நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். அடுத்த புடவையை எடுத்துக்கொண்டாள்.

நான் அந்தத் திரையிடலுக்குப் போகவில்லை. அந்த மாதக் கடைசியோடு வேலையையும் விட்டேன். அன்று ஹால் நிறைந்து வழிந்தது, உட்கார இடம் இல்லாமல் பலர் நின்றுகொண்டே பார்த்தார்கள் என்று தாஸ் பிறகு வந்து சொன்னான்.